வாசகர் கேள்வி – பதில்: நலிந்த நகரங்களுக்கு மானியம்

கேள்வி: நலிந்துபோன சிறுநகரங்களை அரசாங்க மானியம் நிமிர்த்துமா?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: நிமிர்த்தும், ஆனால், கட்டடத்துக்கு மட்டும் கொடுத்தால் நிமிர்த்தாது. காங்கேசன்துறையில் 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரினால் மூடப்பட்டபோது, தொழிலாளரின் சம்பளத்தில் பிழைத்த தேநீர்க்கடைகளும் சைக்கிள் திருத்தகங்களும் ஊரோடு சேர்ந்தே பெயர்ந்தன. அத்தகைய ஊரில் சந்தைக் கட்டடத்தை எழுப்பிவிட்டு, அதன் மின்கட்டணத்தையும் திருத்தச் செலவையும் வருமானம் குன்றிய பிரதேச சபையின் தலையில் கட்டினால், பூட்டிய கடைகளே மிஞ்சும். தென்மராட்சிப் பலாவும் மாம்பழமும் பருவத்தில் மலிந்து குவியும் சாவகச்சேரிக்கு, பழம் பதனிடும் கூடமும் சிறு வியாபாரிகளுக்குக் கைமுதலும் கிடைப்பதே மேல் என்பது என் உறுதியான கருத்து. மானியத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென ஒதுக்குமாறு உங்கள் சபை உறுப்பினரிடம் வரவுசெலவுத் திட்டம் நிறைவேறுமுன்பே வற்புறுத்துங்கள்.