மாடிவீட்டு நாயும் பக்கத்துவீட்டுக் கோபமும்

வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற அரசு கால்நடை மருத்துவர் பதிலளிக்கிறார்

கேள்வி: மடிப்பாக்கத்தில் முதல் மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாய்க்கு மூன்று வயது, பெயர் கருப்பன். நாங்கள் வீட்டில் இருக்கும்போது வாயே திறக்கமாட்டான். ஆனால் பகலெல்லாம் குரைக்கிறான் என்று பக்கத்து வீட்டு அம்மா புகார் சொல்லியிருக்கிறார். அவர் நர்ஸ்; இரவுப் பணி முடிந்து பகலில் தூங்குகிறவர். “ஒரு மாதத்துக்குள் நாயை அனுப்புங்கள், இல்லையென்றால் காலி செய்யுங்கள்” என்கிறார் வீட்டுக்காரர். நாய் வளர்ப்பதை யாரும் தடுக்க முடியாது என்று சட்டம் இருக்கிறதாமே? அதுவரை மொட்டைமாடியில் கட்டிப்போடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: கூடாது. சென்னை வெயிலில் மொட்டைமாடித் தளம் நாயின் உள்ளங்காலை வேகவைத்துவிடும். மேலே போனால் காக்கை, பூனை, எதிர்த்தெரு நாய் எல்லாம் கண்ணில் படும். குரைப்பு கூடுமே தவிரக் குறையாது. நாயைக் கட்டியே போட்டு நடமாட விடாமல் வைத்திருப்பது 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், பிரிவு 11-இன்படி குற்றமும்கூட. அந்தச் சட்டம் எழுதியவர்கள் முதல் தடவைக்கு வைத்த அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய் என்பதால் யாரும் பயப்படுவதில்லை. அது வேறு கதை.

நீங்கள் கேள்விப்பட்ட ‘சட்டம்’ பாதி உண்மை. இந்திய விலங்கு நல வாரியம் 2015-இல் குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. செல்லப்பிராணிக்குச் சங்கம் தடை போட முடியாது, லிப்டில் ஏற்றாதே என்று சொல்ல முடியாது, குரைப்பது நாயின் இயல்பு என்றெல்லாம் அதில் உண்டு. நாயை, குறிப்பாக இரவில், அமைதியாக வைத்திருக்க வளர்ப்பவர் முயல வேண்டும் என்றும் அதே சுற்றறிக்கையில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றுவது முதல் பாதி மட்டும். தவிர, அது சங்கங்களுக்குச் சொன்னது. உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவே இருப்பது வாடகை ஒப்பந்தம். ‘வளர்ப்புப் பிராணி கூடாது’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்திட்டிருந்தால், சுற்றறிக்கையை நீட்டி வென்றுவிடலாம் என்று நம்பாதீர்கள்.

அதே சமயம், வாய்வார்த்தையில் ஒரு மாதக் கெடு வைத்து யாரும் உங்களை வெளியேற்ற முடியாது. 2017-இல் இயற்றப்பட்டு 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின்படி அதற்கு வாடகை நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும். தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி நெருக்கவும் கூடாது. ஆனால் நோட்டீஸ் கொடுத்த பிறகும் பொதுத்தொல்லை தரும் விதமாக வீட்டைப் பயன்படுத்தினால், காலி செய்யச் சொல்ல அதே சட்டம் இடம் கொடுக்கிறது. எனவே பேச்சாக இருக்கும் புகார் காகிதமாக மாறுவதற்குள் வேலையைத் தொடங்குங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரே வரிதான்: “நாங்கள் இருக்கும்போது வாயே திறக்கமாட்டான்.” அப்படியானால் நீங்கள் இல்லாதபோது நடப்பதை நீங்கள் இதுவரை கேட்டதே இல்லை. பழைய கைப்பேசி ஒன்றில் ஒலிப்பதிவை ஓடவிட்டு வேலைக்குப் போங்கள். நீங்கள் கதவைப் பூட்டிய அரைமணி நேரத்துக்குள் ஊளையும் கதவைப் பிறாண்டும் சத்தமும் கேட்டால் அது பிரிவுப் பயம். தெருவில் ஒருமுறை விடப்பட்ட நாய்களிடம் இதை அதிகம் பார்த்திருக்கிறேன். மாறாக, கேஸ் சிலிண்டர்க்காரர், கூரியர் பையன், கீரை விற்கும் அம்மா வரும் நேரங்களில் மட்டும் விட்டுவிட்டுக் குரைத்தால் அது காவல் வேலை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

காவல் குரைப்பு என்றால் பாதி வேலை திரைச்சீலையிலேயே முடிந்துவிடும். தெருவைப் பார்க்கும் ஜன்னலை நாயின் கண் உயரத்துக்கு மறையுங்கள். அவனுடைய இடத்தை உள்ளறைக்கு மாற்றுங்கள். மின்விசிறியோ வானொலியோ ஓடட்டும். பிரிவுப் பயம் என்றால் பொறுமை வேண்டும். விடுமுறை நாளில் சாவியை எடுங்கள், செருப்பைப் போடுங்கள், பிறகு போகாமல் உட்கார்ந்துவிடுங்கள். அவன் அதைச் சட்டை செய்யாத நிலை வந்ததும் ஒரு நிமிடம் வெளியே நின்று, அவன் குரைப்பதற்கு முன்பே திரும்புங்கள். பிறகு ஐந்து நிமிடம், கால் மணி என்று நீட்டுங்கள். வாரக்கணக்கில் ஆகும். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் நன்றாக நடக்கவையுங்கள். அவசரமாக இழுத்துக்கொண்டு ஓடாமல், மோப்பம் பிடிக்க விடுங்கள். நாயை அலுக்கவைப்பது கால்கள் அல்ல, மூக்கு. போகும்போது தீனியைப் பழைய துண்டில் சுருட்டி முடிச்சுப் போட்டு வைத்தால், பிரித்துத் தின்பதில் கொஞ்ச நேரம் கழியும். ஒன்பது மணி நேரம் எந்த நாயையும் தனியே விடாதீர்கள். நடுப்பகலில் வந்து கீழே அழைத்துப்போக நம்பகமான ஒருவருக்குச் சம்பளம் கொடுங்கள். நாய் வளர்க்கும் செலவில் இதுவும் சேர்த்தி.

இதற்கெல்லாம் முன்னால், இன்று மாலையே அந்த நர்ஸ் அம்மாவைப் போய்ப் பாருங்கள். சுற்றறிக்கையைக் கொண்டுபோகாதீர்கள். எந்த நேரத்தில் தூங்குகிறார், எந்த நேரத்துக் குரைப்பு அவரை எழுப்புகிறது என்று கேளுங்கள். அவர் சொல்லும் நேரத்தையும் உங்கள் பதிவையும் ஒப்பிட்டாலே நோய் எதுவென்று தெரிந்துவிடும். நாயை அழைத்துப்போக வெளியாளை வைத்தால், நர்ஸ் அம்மா தூங்கும் நேரத்தில் கருப்பன் வீட்டிலேயே இல்லாதபடி செய்துகொள்ளலாம். இரவெல்லாம் நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகிறவர் பகல் தூக்கம் கேட்பது நியாயமான கேள்வி என்பது என் கட்சி.

கேள்வி: கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். மேல்வீட்டில் வாடகைக்கு வந்த இளைஞர்கள் ஒரு சிப்பிப்பாறை நாயைப் பால்கனியிலேயே கட்டி வைத்திருக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கும் குரைக்கிறது. மனைவிக்கு ரத்த அழுத்தம். பேசாமல் மருந்து வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

பதில்: ஐயா, கடைசி வாக்கியத்தைத் தபாலில் எழுதும் தைரியம் உங்களுக்கு எப்படி வந்தது? நாயைக் கொன்றால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 325-இன்படி ஐந்தாண்டு வரை சிறை. சிறை கிடக்கட்டும், விஷம் தின்ற நாய்கள் வலிப்பு வந்து சாவதை வேலையில் நிறையப் பார்த்தவன் நான். இன்னொரு தடவை அந்த நினைப்பு வேண்டாம்.

உங்கள் கோபம் நியாயம்தான், ஆனால் அது போகவேண்டிய இடம் நாய் அல்ல. சிப்பிப்பாறை தென்மாவட்டக் கரிசல் காட்டில் முயலைத் துரத்திப் பிடிக்க வளர்த்த இனம். அதைப் பால்கனியில் கட்டிப்போட்டால் குரைப்பதைத் தவிர அதற்கு வேறென்ன வேலை இருக்கிறது? முதலில் அந்தப் பையன்களிடம் பேசுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டாமல், ஞாயிறு காலையில். நாயை இரவில் உள்ளே படுக்கவைக்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் இதிலேயே தீரும். தீராவிட்டால் தேதி, நேரம், எவ்வளவு நேரம் குரைத்தது என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். அதை வீட்டு உரிமையாளரிடமும் சங்கத்திடமும் எழுத்துமூலம் கொடுங்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலி வரம்பு 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பக்கத்தில் குரைக்கும் நாய் 80-ஐ எளிதாகத் தாண்டும். மீட்டரைத் தூக்கிக்கொண்டு எந்த அதிகாரியும் வரப்போவதில்லை என்றாலும், மனுவில் எழுத அந்த எண் உதவும்.

கேள்வி: குரைத்தால் ஷாக் கொடுக்கும் கழுத்துப் பட்டை ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். பயத்தில் குரைக்கும் நாய்க்கு வலியையும் சேர்த்துக் கொடுத்தால் குரைப்பு கடியாக மாறும்.

கேள்வி: எங்கள் பொமரேனியனுக்குப் பதின்மூன்று வயது. சில மாதங்களாக நள்ளிரவில் எழுந்து சுவரைப் பார்த்துக் குரைக்கிறது. வீட்டில் ஏதோ இருக்கிறது என்கிறார் மாமியார். கீழ்வீட்டார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பதில்: வீட்டில் எதுவும் இல்லை என்று மாமியாரிடம் சொல்லுங்கள். முதிய நாய்களுக்கும் மனிதர்களைப் போலவே மறதி நோய் வரும். இரவு பகல் குழம்பும், மூலையில் போய் நின்றுகொள்ளும், பழகிய ஆளைத் தெரியாது. கண் புரை, காது கேளாமை, மூட்டுவலி ஆகியவையும் இதே மாதிரி குரைக்க வைக்கும் என்பதால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். குணமாக்க முடியாவிட்டாலும் மருந்தால் இரவைச் சமாளிக்கலாம். படுக்கைக்கு அருகே சிறு விளக்கு எரியட்டும், மேசை நாற்காலிகளை இடம் மாற்றாதீர்கள், படுக்கும் முன் ஒருமுறை வெளியே கூட்டிப்போங்கள். கீழ்வீட்டாரிடம் நோயின் பெயரைச் சொல்லிவிடுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.

கேள்வி: வீடு தேடுகிறோம். நாய் இருக்கிறது என்றாலே தொலைபேசியை வைத்துவிடுகிறார்கள். சொல்லாமல் குடிபோய்விட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

பதில்: முதல் நாள் சாமான் இறக்கும்போதே நாய் தானே சொல்லிவிடும். முன்கூட்டிச் சொல்லுங்கள். மாநகராட்சி உரிமம், வெறிநோய்த் தடுப்பூசிச் சீட்டு, முடிந்தால் பழைய வீட்டுக்காரரின் தொலைபேசி எண் ஆகியவற்றுடன் நாயையும் அழைத்துக்கொண்டு வீடு பார்க்கப் போங்கள். பத்துப் பேர் மறுப்பார்கள். ஒப்புக்கொள்ளும் ஒருவரிடம், நாய் வளர்க்கச் சம்மதம் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாக எழுதி வாங்கிக்கொண்டு பிறகு முன்பணம் கொடுங்கள். தனி வீடானால் நல்லது. அடுக்குமாடி என்றால் மாடிப்படியும் லிப்டும் வாசலுக்கு எதிரே இல்லாத வீடாகப் பாருங்கள்.