கல்விப் பக்கம்: அமெரிக்கத் தனியார் கல்லூரிகளில் நிதியுதவி – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள்; பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண் பெற்றவள். வசதியில்லாத மாணவர்களின் செலவை அமெரிக்கத் தனியார் கல்லூரிகள் ஏற்றுக்கொள்கின்றன என்று கேள்விப்பட்டோம். நாங்கள் அணுகிய கல்வி ஆலோசகரோ, "பண உதவி வேண்டும் என்று எழுதினாலே விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுவார்கள், முதலில் இடம் வாங்குங்கள், பிறகு கேட்டுக்கொள்ளலாம்" என்கிறார். நான் அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியர். இதில் எது உண்மை?
– ஒரு தந்தை, கும்பகோணம்

பதில்: ஆலோசகர் சொன்னதன் முதல் பாதியில் ஓரளவு உண்மை உண்டு. இரண்டாம் பாதியை நம்பி நடந்தால் தங்கள் மகளின் வாய்ப்பே கெட்டுவிடும்.

வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதில் எல்லாக் கல்லூரிகளும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை மாணவர் எந்த நாட்டவராயினும் அவருடைய பணத் தேவையைப் பார்க்காமலேயே சேர்க்கையை முடிவு செய்கின்றன. சேர்த்த பிறகு தேவை முழுவதையும் ஈடுகட்டுகின்றன. 2022-இல் டார்ட்மத், போடன் கல்லூரிகளும், 2025-இல் சேர்ந்த மாணவர்கள் முதல் பிரவுன் பல்கலைக்கழகமும் இந்த முறைக்கு வந்தன. இவற்றில் உதவி கேட்பதால் இடம் பறிபோகும் என்ற அச்சத்துக்கே இடமில்லை. ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர் போன்றவை வெளிநாட்டு மாணவர் உதவி கேட்கிறாரா என்பதைத் தேர்வின்போது கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆனால் சேர்த்துக்கொண்டுவிட்டால் தேவை முழுவதையும் தரும். இவை இரண்டிலும் சேராத கல்லூரிகளே எண்ணிக்கையில் மிகுதி. இடம் தந்துவிட்டு, தேவையில் ஒரு பகுதியை மட்டும் கொடுத்து, மீதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும் கல்லூரிகள் அவை. ஆலோசகர்கள் அழைத்துச் செல்லும் கல்விக் கண்காட்சிகளில் பெரும்பாலும் இந்த மூன்றாம் வகைதான் கடை விரித்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்த உதவி மதிப்பெண்ணுக்குக் கிடைக்கும் பரிசன்று. குடும்ப நிலையை உருக்கமாக எழுதிப் பெறுவதும் அன்று. கல்விக் கட்டணம், விடுதி, உணவு, புத்தகம், பல இடங்களில் விமானப் பயணம் உட்பட ஓராண்டுச் செலவு எவ்வளவு என்று கல்லூரி கணக்கிடுகிறது. அதில் உங்கள் குடும்பம் கொடுக்கக்கூடிய தொகையைக் கழித்தால் எஞ்சுவதே 'தேவை'. செலவு 88,000 டாலர், குடும்பத்தால் 4,000 டாலர் இயலும் என்று கல்லூரி முடிவு செய்தால், தேவை 84,000 டாலர். ஹார்வர்டில் 2025–26 கல்வியாண்டு முதல், ஆண்டு வருமானம் 1,00,000 டாலர் வரை இருந்து சொத்தும் அதற்கேற்ற அளவில் இருக்கும் குடும்பம் எதையும் கட்ட வேண்டியதில்லை. ஓர் ஆசிரியரின் ஊதியம் அந்த வரம்புக்கு மிகவும் கீழே நிற்கும். ஆகவே பணம் தடையாக இராது. இடம் கிடைப்பதுதான் அரிது. ஹார்வர்டிலும் எம்.ஐ.டி.யிலும் விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. எனவே முதல் இரண்டு வகைகளிலிருந்தும் கல்லூரிகளைத் தேர்ந்தெடுங்கள். உள்ளூர்க் கல்லூரிச் சேர்க்கையையும் கைவிடாதீர்கள்.

பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்ற யோசனைக்கு வருகிறேன். சேர்க்கையின்போது உதவி கேட்காத வெளிநாட்டு மாணவர், படிப்பு முடியும்வரை உதவி பெறத் தகுதியற்றவர் என்று பல கல்லூரிகள் தங்கள் விதிகளிலேயே எழுதிவைத்திருக்கின்றன. இடம் கிடைத்து, பணம் கட்ட வழியில்லாமல் அதை விட்டுக்கொடுப்பதில்தான் அந்த யோசனை முடியும். அதோடு, விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைக் கல்லூரி வழங்க வேண்டுமானால் முதலாண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதைக் காட்டியாக வேண்டும். நிதியுதவிக் கடிதம் கையில் இருந்தால் அந்தத் தொகை கணக்கில் சேரும். மீதியை மட்டும் வங்கிச் சான்று மூலம் காட்டினால் போதும்.

கேள்வி: விண்ணப்பத்துக்கு என்னென்ன ஆவணங்கள் தேவை? எங்களுக்கு மூன்று ஏக்கர் பூர்வீக நிலம் இருக்கிறது. என் கணவருக்கும் அவருடைய அண்ணன் தம்பிகளுக்கும் இன்னும் பாகப்பிரிவினை ஆகவில்லை. நிலத்தைக் காட்டாமல் விட்டுவிடுங்கள் என்கிறார்கள். தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழ் போதாதா?
– ஒரு தாய், கோபிசெட்டிப்பாளையம்

பதில்: வருமானச் சான்றிதழ் மட்டும் போதாது. பெரும்பாலான தனியார் கல்லூரிகள் கேட்பது, காலேஜ் போர்டு அமைப்பு நடத்தும் சி.எஸ்.எஸ். புரொஃபைல் என்ற இணையப் படிவம். அது ஆண்டுதோறும் அக்டோபர் 1-ஆம் தேதி திறக்கப்படும். முதல் கல்லூரிக்கு 25 டாலரும், சேர்க்கும் ஒவ்வொரு கல்லூரிக்கும் 16 டாலரும் கட்டணம். இது சுமையாக இருந்தால் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு நேரடியாக எழுதிக் கேளுங்கள். சில கல்லூரிகள் கட்டண விலக்குக் குறியீடு தரும். சில வேறொரு இலவசப் படிவத்தை ஏற்கும். தொகைகளை ரூபாயிலேயே நிரப்பலாம். டாலராக மாற்றிக் குழம்ப வேண்டியதில்லை.

படிவத்தில் எழுதியதை உறுதிப்படுத்த வருமான வரிக் கணக்கு, படிவம் 16, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். வரிக் கணக்கு தாக்கல் செய்யாதவர்கள் வேலை கொடுப்பவரிடமிருந்து சம்பளக் கடிதம் வாங்கித் தர வேண்டும். தமிழில் உள்ள ஆவணத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இணைக்க வேண்டும். நம்முடைய நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதும் அவர்களுடைய வரியாண்டு ஜனவரியில் தொடங்குவதும் அங்குள்ள அலுவலர்களுக்குப் புதிதல்ல. எந்த மாதம் முதல் எந்த மாதம் வரையிலான கணக்கு என்று ஒரு வரி எழுதிவிட்டால் கேள்வி எழாது.

நிலத்தை மறைக்க வேண்டாம். அறம் ஒருபுறம் இருக்கட்டும்; மறைப்பதால் ஆதாயமும் இல்லை. இந்தியாவில் வேளாண் வருமானத்துக்கு வரி விலக்கு உண்டு. ஆனாலும் வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைத் தனியே காட்டுவது வழக்கம். கல்லூரிக்கு அனுப்பும் அதே தாளில் அந்தத் தொகை இருந்து, நிலம் மட்டும் இல்லாமல் போனால், முழு விண்ணப்பத்தின் மீதும் ஐயம் விழும். பொய்த்தகவல் என்று உறுதியானால் உதவியை மட்டுமல்ல, இடத்தையே திரும்பப் பெறுவார்கள். மாறாக, பட்டா கூட்டுப் பெயரில் இருக்கிறது, உங்கள் கணவருக்கு எத்தனையில் ஒரு பங்கு, பாகப்பிரிவினை ஆகாததால் விற்கவோ அடகு வைக்கவோ இயலாது, குத்தகையாக ஆண்டுக்கு இவ்வளவு வருகிறது என்பதைப் படிவத்தில் சிறப்புச் சூழ்நிலைகளுக்கென உள்ள பகுதியில் நான்கு வரிகளில் எழுதுங்கள். மாமனார் மாமியாரின் மருத்துவச் செலவை நீங்கள் ஏற்பது, நகைக்கடன் வட்டி, சீட்டுப் பணம் ஆகியவற்றையும் அங்கேயே எழுதலாம். நம் குடும்பங்களில் ஒருவர் சம்பளத்தில் எத்தனை பேர் உண்கிறார்கள் என்பது அந்தப் படிவத்தின் கட்டங்களில் தானாகத் தெரியாது.

கேள்வி: எச்-1பி விசாவில் பன்னிரண்டு ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் இருக்கிறோம். மூத்த மகன் சென்னையில் பிறந்தவன். எச்-1பி பணியாளரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருக்கிறான். இளையவள் இங்கே பிறந்த குடிமகள். இருவருக்கும் ஒரே மாதிரி விண்ணப்பிக்கலாமா? சென்னையில் வாடகைக்கு விட்டிருக்கும் அடுக்ககத்தைக் காட்ட வேண்டுமா?
– எடிசன் நகர வாசகர்

பதில்: ஒரே வீட்டுப் பிள்ளைகளானாலும் விதிகள் வேறு. இளையவர் குடிமகள் என்பதால், பெற்றோரின் விசா எதுவாக இருந்தாலும், அமெரிக்கக் கூட்டரசின் நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவத்தை அவர் நிரப்பலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அதனுடன் தனியார் கல்லூரிக்காக சி.எஸ்.எஸ். படிவமும் தேவைப்படலாம். பெற்றோரில் ஒருவருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாவிட்டாலும் இப்போது படிவத்துக்கான கணக்கைத் தொடங்க முடியும். மூத்தவருக்கு எச்-4 விசா இருக்கும்வரை கூட்டரசு உதவி கிடையாது. பல கல்லூரிகள் அவரை வெளிநாட்டு மாணவராகவே கொள்ளும். விண்ணப்பிக்கும் முன்பே ஒவ்வொரு கல்லூரியிடமும் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். அவருக்கு 21 வயது நிறையும்போது எச்-4 தகுதி போய்விடும் என்பதால் மாணவருக்கான எஃப்-1 விசாவுக்கு மாறுவதையும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

குடியிருக்கும் வீட்டை ஃபாஃப்சா கேட்பதில்லை, சி.எஸ்.எஸ். கேட்கும். சென்னை அடுக்ககம் நீங்கள் குடியிருக்கும் வீடு அல்ல என்பதால் இரண்டிலும் காட்ட வேண்டும். கல்விச் செலவுக்கான 529 திட்டச் சேமிப்பு பெற்றோர் சொத்தாகக் கருதப்படும். குடும்பம் எவ்வளவு கொடுக்க இயலும் என்று பார்க்கும் கூட்டரசுக் கணக்கீட்டில் பெற்றோர் சொத்திலிருந்து அதிகபட்சம் 5.64 விழுக்காட்டைச் சேர்ப்பார்கள். பிள்ளையின் பெயரில் போட்ட சேமிப்பிலிருந்து 20 விழுக்காட்டைச் சேர்ப்பார்கள். பாசத்தால் பிள்ளை பெயரில் பணம் போடுவதற்கு முன் இதை நினைவில் கொள்ளுங்கள். இரு பிள்ளைகள் ஒரே சமயத்தில் கல்லூரியில் படித்தால் முன்பு கூட்டரசுக் கணக்கில் கிடைத்த சலுகை 2024–25 முதல் இல்லை. சி.எஸ்.எஸ். படிவத்தைப் பயன்படுத்தும் கல்லூரிகள் பல இன்னும் அதைக் கருதுகின்றன.

கேள்வி: நவம்பரிலேயே அனுப்பும் முன்கூட்டிய விண்ணப்பத்தில் இடம் எளிதாகக் கிடைக்கும் என்கிறார்கள். உதவி தேவைப்படுபவர்கள் அதைச் செய்யலாமா?
– மாணவி, மதுரை

பதில்: இடம் கிடைத்தால் சேர்ந்தே தீர வேண்டும் என்று கட்டுப்படுத்தும் முறையைத்தானே கேட்கிறீர்கள்? கல்லூரி தரும் உதவி குடும்பத்துக்குப் போதவில்லை என்றால் அந்தக் கட்டிலிருந்து விடுவிப்பார்கள். ஆனால் மற்றக் கல்லூரிகளின் கடிதங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். தேவையை முழுவதும் ஈடுகட்டும் கல்லூரி ஒன்றே உங்கள் முதல் விருப்பம் என்றால் மட்டும் செய்யுங்கள்.

கேள்வி: மகனுக்கு நிதியுதவிக் கடிதம் வந்துவிட்டது. 71,000 டாலர் உதவி என்று போட்டிருக்கிறது. மீதி எங்களால் இயலாது. பேரம் பேசலாமா?
– ஒரு தந்தை, நாகர்கோவில்

பதில்: முதலில் அந்த 71,000 எதனால் ஆனது என்று பாருங்கள். மானியம் என்பது திருப்பித் தர வேண்டாத பணம். வேலைவாய்ப்பு என்று போட்டிருந்தால் அது மகன் வளாகத்தில் உழைத்துச் சம்பாதிக்க வேண்டியது; எஃப்-1 மாணவர் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். கடன் இருந்தால் அதை உதவியாகக் கூட்டாதீர்கள்.

கடிதங்கள் பெரும்பாலும் பேசாத ஒன்று வரி. கல்விக் கட்டணத்துக்கும் கட்டாயக் கட்டணங்களுக்கும் மேல், விடுதி, உணவு ஆகியவற்றுக்காகக் கிடைக்கும் மானியம் அமெரிக்காவில் வரிக்கு உட்பட்டது. எஃப்-1 மாணவரிடம் 14 விழுக்காடு பிடித்தம் செய்வார்கள். இந்திய–அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவின்படி இந்திய மாணவர்கள் நிலையான கழிவைக் கோரலாம். அதனால் பிடித்த தொகையில் ஒரு பகுதியோ முழுவதுமோ, கணக்குத் தாக்கல் செய்த பின் திரும்பி வரக்கூடும். ஆனாலும் முதலாண்டில் அந்தப் பணம் கையில் இராது என்பதை வைத்துத் திட்டமிடுங்கள்.

இனி முறையீடு. 'பேரம்' என்ற மனநிலையோடு போகாதீர்கள். உங்கள் கணக்கில் கல்லூரி அறியாத ஏதேனும் உண்டா என்று பாருங்கள். படிவம் கொடுத்த பிறகு வேலை போயிருக்கலாம், அறுவைச் சிகிச்சை நடந்திருக்கலாம், கணக்கில் எடுத்த ஆண்டில் மட்டும் நிலுவை ஊதியமோ ஓய்வுக்காலப் பணமோ சேர்ந்து வந்து வருமானத்தைப் பெரிதாகக் காட்டியிருக்கலாம். அப்படியானால் ஒரு பக்கக் கடிதமும் ஆவணமும் போதும். அதே தரத்திலுள்ள மற்றொரு கல்லூரி கூடுதலாகத் தந்திருந்தால் அதன் கடித நகலையும் பணிவோடு இணைக்கலாம். சில கல்லூரிகள் மறுபரிசீலனை செய்யும். கடிதத்தில் உங்களால் எவ்வளவு இயலும் என்று ஒரு தொகையைக் குறிப்பிடுங்கள். பதில் தர வேண்டிய கடைசி நாள் பெரும்பாலும் மே 1. முறையீட்டை ஏப்ரல் முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுங்கள். முடிவு வரத் தாமதமானால் அவகாசம் நீட்டித்துத் தருமாறு அதே மின்னஞ்சலில் கேளுங்கள்.