வாசகர் கேள்வி பதில்: மார்க்கோ போலோ பாத்த குமரி

கேள்வி: பையனுக்கு ஸ்கூல்ல மார்க்கோ போலோ பாடம் நடக்குது. அவர் நம்ம பக்கமெல்லாம் வந்தாரா, இல்ல சீனாவோட சரியா? (வாசகி, களியக்காவிளை)

பதில்: வந்தாரும்மா. 1271ல அப்பாவோடயும் அப்பா கூடப்பொறந்தவரோடயும் வெனிஸ்லருந்து கிளம்பினப்ப 17 வயசு, சீனாவுல மங்கோலிய பேரரசர் குப்லாய் கான்கிட்ட ஒரு 17 வருசம் இருந்துட்டு ஊருக்கு திரும்புறப்ப கடல் வழி, சுமத்ரா, இலங்கை, பாண்டிய நாடு, அப்புறம் நம்ம குமரி, கொல்லம்.

குமரிய பத்தி அவர் சொன்னது கொஞ்சமே கொஞ்சம் தான், ஆனா அவர் பயணத்த சொல்ற புத்தகத்துலயே எனக்கு ரொம்ப புடிச்ச இடம் அதான். சுமத்ரால கண்ணுலயே படாத வடக்கு நட்சத்திரம் இங்க மறுபடி தெரியுது, ஆனா ஒரு 30 மைல் கடலுக்குள்ள போகணும், அப்ப தண்ணிக்கு மேல ஒரு முழம் ஒசரத்துல நிக்கும்ங்கறார். கடலுக்குள்ள ஏன் போகணும்னு எனக்கு ரொம்ப நாளா புரியல. ஒருநாள் இருட்டுற நேரம் கன்னியாகுமரி கரையில வடக்க பாத்து நின்னப்ப தான் வெளங்குச்சு, நமக்கு வடக்க கடலே கிடையாதே, தென்னை, வீடு, மலை தான், நட்சத்திரமோ இங்க 8 டிகிரி ஒசரத்துல தான் நிக்கும், கைய நீட்டி நாலு விரல அடுக்குனா ஏறக்குறைய அவ்ளோ தான். கரைய விட்டு தள்ளிப் போனா தான் மறைப்பில்லாம தெரியும். வீட்ட விட்டு 20 வருசம் தாண்டுன மனுசனுக்கு அதப் பாத்ததும் நெஞ்சு எப்படி அடிச்சிருக்கும்!

பாண்டிய நாட்டுல சனங்க பாத்திரத்த வாயில வைக்காம அண்ணாந்து ஊத்தி குடிக்காங்க, சாப்பாட்டுக்கு வலது கை தான்னும் சொல்லியிருக்கார். எங்க வீட்ல இன்னைக்கும் செம்புல வாய் வச்சா அம்மா ஏசுவா. தானமும் போரும் எழுதுன கல்வெட்டுல இதெல்லாம் எங்க வரும், வெளியூர்க்காரன் கண்ணுக்குத் தான் இது அதிசயம்.

கேள்வி: அவர் சீனாவுக்கே போகலன்னு ஒரு வீடியோ பாத்தேன். நெசமா? (வாசகர், செங்கோட்டை)

பதில்: பெருஞ்சுவர பத்தி சொல்லல, டீய பத்தி சொல்லலன்னு தான அந்த வீடியோல சொல்லிருப்பாங்க. நாம போட்டோல பாக்குற சுவர்ல பெரும்பகுதி அவருக்குப் பிறகு மிங் காலத்துல கட்டுனது. அத விட பெரிய சாட்சி ஒண்ணு இருக்கு. பாரசீக மன்னருக்கு கல்யாணம் பண்ணிக்கொடுக்க கோகாச்சின்னு ஒரு மங்கோலிய இளவரசிய கப்பல்ல கூட்டிட்டு வந்த கூட்டத்துல தான் இவரும் வந்தார், தூதர் மூணு பேரோட பேரையும் சொல்லியிருக்கார், அதே மூணு பேர் சீன அரசாங்க ஆவணத்துலயும் பின்னாடி கெடச்சுது. இவரு பேர் அதுல இல்ல, சரிதான், ஆனா வெனிஸ்ல திண்ணையில உக்காந்துட்டு அந்த மூணு பேர கற்பனையில சொல்ல முடியுமா சொல்லுங்க.

கேட்டு எழுதுன இடத்துல தப்பும் பண்ணுவார். ஆந்திரா கரையில மோட்டுப்பள்ளி, அங்க ஆண்டது காகதிய ராணி ருத்ரமாதேவி. அவ முன்னாடி ஆண்ட கணபதி தேவரோட மகள், மார்க்கோ போலோ அவள அந்த ராஜாவோட விதவை மனைவியாக்கிட்டார். பள்ளத்தாக்குல எறிஞ்ச மாமிசத்தோட கழுகு வைரத்த தூக்கிட்டு வரும்னதும் அப்படி கேட்ட கதை தான்.

கேள்வி: கொல்லத்து நல்லமொளகு பத்தி என்ன சொல்றார்? (விவசாயி, குலசேகரம்)

பதில்: தானா மொளச்ச காட்டுச்செடி இல்ல, நட்டு தண்ணி ஊத்தி வளக்குறாங்கன்னு சரியா சொல்லியிருக்கார். பறிக்கிறது மே, ஜூன், ஜூலைன்னது தான் இடிக்குது. உங்களுக்கே தெரியும், இடவப்பாதி மழையில, அதான் ஜூன்ல தொடங்குற தென்மேற்கு பருவமழையில தான் கொடி திரி விடும், மார்கழி, தைல தான் கொடி படர்ந்த அயனி மரத்துல பறிக்க ஏணி சாத்துவோம்.

கேள்வி: நூடுல்ஸ இத்தாலிக்கு கொண்டுபோனது அவர் தானா? (மாணவி, நாகர்கோவில்)

பதில்: இல்லம்மா. அவர் பொறக்க 100 வருசம் முன்னாடி, 1154லயே அல் இத்ரீசிங்கற அரபு புவியியல் அறிஞர், இத்தாலி பக்கத்து சிசிலி தீவுல செஞ்சு கப்பல்ல அனுப்புன நூடுல்ஸ் மாதிரி மாவுப் பண்டத்த பத்தி எழுதிட்டார்.

கேள்வி: அந்த புத்தகத்தால என்ன தான் ஆச்சு? (வாசகர், மார்த்தாண்டம்)

பதில்: அவர் கைப்பட எழுதல. 1298ல ஜெனோவா சிறையில இருந்தப்ப கூட இருந்த பீசா ஊர்க்காரர் ருஸ்டிக்கெல்லோகிட்ட வாயால சொன்னது. மூலப்பிரதி கெடைக்கல, கையால நகல் எடுத்த பிரதி ஏறக்குறைய 150 மிச்சமிருக்கு, ஒண்ணுக்கொண்ணு ஒத்தும் போகாது. கொலம்பஸ் வச்சிருந்த லத்தீன் அச்சுப்பிரதி மட்டும் ஸ்பெயின்ல செவில் நகரத்துல இன்னும் பத்திரமா இருக்கு, ஓரத்துல எல்லாம் அவர் போட்ட குறிப்பு, பொன்னு, முத்து, வாசனைச் சரக்குன்னு.