கேள்வி-பதில்: காட்டேரிக்கு ஏன் இத்தனை சலுகை?

கேள்வி: 'ட்வைலைட்' என்ற ஆங்கில நாவலை மகளிடமிருந்து வாங்கி முழுவதும் வாசித்தேன். நூறு வயது தாண்டிய இரத்தக் காட்டேரி பள்ளிக்கூடம் போகிறானாம். வெயிலில் பொசுங்காமல் வைரம் போல மின்னுகிறானாம். அவனுக்காக ஒரு பதினேழு வயதுப் பிள்ளை உயிரையே கொடுக்கத் துணிகிறாளாம். சுத்தக் குப்பை! பேயையும் காதலையும் முடிச்சுப் போடும் இந்த வெள்ளைக்காரப் பைத்தியம் நமக்கு எதற்கு? புத்தகத்தைப் பறித்து வைக்கலாமா?
- ஒரு வாசகர், களுவாஞ்சிகுடி

பதில்: குப்பை என்று தெரிந்தும் 500 பக்கங்களை நெருங்கும் நாவலைக் கடைசிவரை விடாமல் வாசித்திருக்கிறீர்கள். இதை எழுதிய ஸ்டெஃபனி மேயருக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்காது.

காட்டேரி என்றால் வெயிலில் பொசுங்கியே ஆகவேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய டிராகுலா பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடமாடுகிறான். பகலில் அவனுடைய சக்தி குறையும், அவ்வளவுதான். வெயில் பட்டுச் சாவதெல்லாம் 1922இல் வந்த 'நொஸ்ஃபெராட்டு' என்ற மௌனப் படத்தின் உபயம். அந்த மினுமினுப்பு எனக்கும் பிடிக்கவில்லை, கல்யாண வீட்டுச் சோடனை போல இருக்கிறது. அதற்காக அதைச் சாத்திரக் குற்றம் ஆக்கிவிட முடியாது. நூறு வயதுக் கணக்கு மட்டும் சரி: கதையின் காட்டேரி நாயகன் எட்வர்ட் பிறந்தது 1901இல், 1918இன் இன்ஃபுளுவென்சாவில் சாகக் கிடந்தபோது காட்டேரி ஆக்கப்பட்டான்.

பெண் பிள்ளைகள் இதை ஏன் விரும்புகிறார்கள் என்பதற்கு உயிரியல் வகுப்புக் காட்சி ஒன்றே போதும். பக்கத்தில் வந்து அமர்ந்த கதாநாயகி பெல்லாவின் இரத்த வாடை தாங்காமல் எட்வர்ட் கதிரையின் விளிம்புக்கு நகர்ந்து, கைமுஷ்டியை இறுக்கி, முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவளோ தன்னிடம்தான் ஏதோ நாறுகிறது என்று நினைத்து இரகசியமாகத் தன் தலைமுடியை முகர்ந்து பார்க்கிறாள். புதுப் பள்ளிக்கூடத்தில் காலடி வைத்த எந்தப் பிள்ளைக்கும் இந்தக் கூச்சம் தெரியும். பேய்க் கதைக்குள் இப்படி ஒரு வரி எழுதத் தெரிந்தவரைக் குப்பை என்று தள்ளிவிட முடியுமா?

நாவலின் உண்மையான கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பெல்லாவின் வீட்டு இறவாரத்தில் ஒளித்து வைத்த சாவியை எடுத்துக் கதவைத் திறக்கிறான் எட்வர்ட். ஏறக்குறைய ஒவ்வோர் இரவும் வந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்ததாக அவனே சொல்கிறான். பெல்லாவுக்குக் கோபம் வரவில்லை, உள்ளூரப் பெருமைதான். தூக்கத்தில் என்ன உளறினோமோ என்பதே அவள் கவலை! பக்கத்து வீட்டுப் பையன் இதைச் செய்திருந்தால் நீங்கள் பொலிசுக்குப் போயிருப்பீர்கள். காட்டேரி செய்ததால் வெயிலைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்.

வெள்ளைக்காரப் பைத்தியம் என்கிறீர்களே, நம்முடைய பெரிய எழுத்துக் கதைப்பாடல் அல்லி அரசாணி மாலையை மறந்துவிட்டீர்களா? பாம்பு உருவில் அல்லியின் பள்ளியறைக்குள் போன அர்ச்சுனன், அவள் உறக்கத்தில் இருக்கும்போதே தாலி கட்டிவிடுகிறான். அல்லியாவது விழித்ததும் கொதித்தெழுந்தாள். பெல்லாவுக்கு அதுவும் வாய்க்கவில்லை.

பேய்க்கும் காதலுக்கும் முடிச்சா என்று களுவாஞ்சிகுடியில், அதுவும் மட்டக்களப்பு மண்ணில், இருந்துகொண்டு நீங்கள் கேட்பதுதான் வேடிக்கை. மட்டக்களப்புப் பெண்கள் மந்திரத்தால் ஆண்களைக் கட்டிப்போடுவார்கள் என்ற பொருளில், 'அங்கே போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள்' என்று வெளியூரார் சொல்லும் பேச்சை எத்தனை தலைமுறையாகச் சுமக்கிறோம்! கச்சேரிக்கு, அதாவது மாவட்ட அரச அலுவலகத்துக்கு, மாற்றலாகி வந்த யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் இங்கே ஒருத்தியை விரும்பிக் கட்டிக்கொள்வார். இங்கே குடி என்ற குலப் பிரிவு தாய்வழி, வீடு பெண்ணுக்குச் சீதனம். மாப்பிள்ளை பெண் வீட்டோடுதான் இருப்பார். மகன் ஊர் திரும்பவில்லை என்றால், விரும்பித்தான் தங்கினான் என்று ஒப்புக்கொள்ள அவருடைய வீட்டாருக்கு மனம் வராது. வசியம், மருந்து, மந்திரம் என்று பழி அந்தப் பெண் மேல் போகும். வாவிக்கரையில் வயலும் வீடும் வைத்துக்கொண்டு சோறு போட்டவள் சூனியக்காரி, உண்டு உறங்கியவர் அப்பாவி. எட்வர்டின் இரத்தத் 'தாகம்' செய்யும் வேலையும் இதுதான். அவன் செய்ததற்கு அவன் பொறுப்பில்லை, இயற்கையே அப்படியாம். மந்திரமோ தாகமோ, இரண்டு கதையிலும் தப்பித்துக்கொள்வது ஆண்தான்.

புத்தகத்தைப் பறிக்காதீர்கள். பறித்தால் அடுத்த மூன்று பாகங்களையும் போர்வைக்குள் வைத்து வாசிப்பாள். அந்தச் சாவிக் காட்சியைப் பற்றி என்ன நினைத்தாள் என்று மகளிடம் கேளுங்கள், இடையில் குறுக்கிடாமல். அவள் சொல்வதை எழுதி அனுப்பினால் இந்தப் பக்கத்தில் போடுகிறேன். உங்கள் கடிதத்தைவிட அதை வாசிக்கத்தான் எனக்கு ஆவல்.