மீர்கேட் பதிந்தது யாருடைய குரல்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். டர்பனின் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். 3ஐ/அட்லஸ் வால்மீனே அல்ல, விண்கலம்; தென்னாப்பிரிக்காவின் வறண்ட காரூ பகுதியில் உள்ள நம் மீர்கேட் ரேடியோ தொலைநோக்கி அதிலிருந்து ரேடியோ சிக்னலைப் பிடித்துவிட்டது என்று எங்கள் கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. பத்து வயது மகள் இரவானால் ஜன்னலைச் சாத்தச் சொல்கிறாள். வேற்றுலகத்தார் இங்கே வர உண்மையில் வாய்ப்பு உண்டா? அவளுக்கு நான் என்ன சொல்ல?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தச் செய்தியில் பாதி உண்மை. 2025 அக்டோபர் 24 அன்று மீர்கேட், சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த அந்த வால்மீனை ரேடியோவில் பதிந்தது. ‘சிக்னல்’ என்ற சொல்தான் ஆளைக் குழப்பிவிட்டது. யாரோ அனுப்பிய அலை எதுவும் வரவில்லை. வழக்கமாக வருகிற அலை இரண்டு இடங்களில் குறைந்திருந்தது, அவ்வளவே.

வெயில் பட்டதும் வால்மீனின் பனி ஆவியாகிறது. அந்த நீராவியைச் சூரியனின் புற ஊதாக் கதிர் உடைக்கிறது. ஒரு ஹைட்ரஜன் அணு கழன்றுபோக, ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் மிஞ்சுகிறது. பின்னணி வானிலிருந்து வரும் ரேடியோ அலையில் 1665, 1667 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளை அது விழுங்குகிறது. வரைபடத்தில் பார்த்தால் நேராக ஓடும் கோட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளங்கள். செப்டம்பரில் இருமுறை பார்த்தபோது அவை இல்லை. சூரியனை நெருங்கிய பிறகே விழுந்தன. பனி ஆவியானால் அப்படித்தான் நடக்கும். வேறொரு வால்மீனில் அதே இடத்தில் பள்ளத்துக்குப் பதில் மேடு தெரியலாம். சூரியனை நோக்கி அது என்ன வேகத்தில் போகிறது என்பதைப் பொறுத்து ஹைட்ராக்சில் அலையை விழுங்கும் அல்லது உமிழும். மேட்டைக் கண்டும் பயப்பட வேண்டாம்.

செயற்கை அலையை எப்படிப் பிரித்தறிவது? முதலில் அகலம். வாயுவின் கோடு ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரவிக் கிடக்கும். டிரான்ஸ்மிட்டர் ஒரே ஹெர்ட்ஸுக்குள்கூட அலையை அடக்கிவிடும். அடுத்து திசை. தொலைநோக்கியை அந்தப் பொருளின் மேல் வைத்தால் அலை இருக்க வேண்டும், விலக்கினால் மறைய வேண்டும். விலக்கியும் நீடித்தால் அது நம்முடையதே. இரிடியம் செயற்கைக்கோள்கள் 1616 முதல் 1626 மெகாஹெர்ட்ஸ் வரை பேசிக்கொண்டிருக்கின்றன, மேலே சொன்ன இடத்துக்கு மிக அருகில். ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியைப் பல ஆண்டுகள் குழப்பிய ஒரு துடிப்பு, ஓடும்போதே கதவைத் திறந்த மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து வந்தது என்று 2015இல் தெரிந்தது. காரூவில் செல்போனுக்குக் கட்டுப்பாடு வைத்திருப்பது இதனால்தான்.

இனி வருகைக்கு வருவோம். சூரியனை விட்டால் மிக அருகில் உள்ள விண்மீன் பிராக்சிமா, 4.24 ஒளியாண்டு தூரம். வினாடிக்கு 17 கிலோமீட்டர் போகும் வாயேஜர் 1 விண்கலம் அவ்வளவு தூரம் கடக்க ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் ஆகும். ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு எட்டினால் 42 ஆண்டுகள் போதும். ஆனால் ஒரே ஒரு டன் எடையை அந்த வேகத்துக்கு ஏற்ற, லிம்போபோவில் இருக்கும் மெடுப்பி அனல் நிலையத்தின் ஆறு யூனிட்டுகளும், மொத்தம் 4,764 மெகாவாட், மூன்று ஆண்டுகள் ஒரு நொடி நிற்காமல் ஓட வேண்டும். அதுவும் ஒரு துளி வீணாகாமல். மின்வெட்டில் தவித்த நமக்கு இந்தக் கணக்கின் கனம் தெரியும். வந்து நிற்க வேண்டுமானால் அதே அளவு ஆற்றலைச் செலவழித்துப் பிரேக் போட வேண்டும். பிரேக்குக்கான எரிபொருளையும் புறப்படும்போதே சுமந்து வர வேண்டும், ஆகவே முதல் செலவு பல மடங்கு ஏறும். வழியில் ஒரு மில்லிகிராம் தூசி மோதினால் 100 கிலோ டிஎன்டி வெடிமருந்து வெடித்த மாதிரி.

3ஐ/அட்லஸ் பிரேக் போடவே இல்லை. டிசம்பர் 19 அன்று பூமிக்கு மிக அருகே வந்தபோதும் 27 கோடி கிலோமீட்டர் தள்ளியே இருந்தது; இப்போது வெளியேறிக்கொண்டிருக்கிறது. வாய்ப்பு பூஜ்யம் என்று நான் சொல்ல மாட்டேன். அவசரமில்லாத, ஆளில்லாத ஒரு கருவி லட்சம் ஆண்டு மிதந்து வரலாம். அதைத் தடுக்கும் இயற்பியல் விதி கிடையாது. வந்ததற்குச் சான்று இதுவரை ஒன்றும் இல்லை. பிற விண்மீன் வெளியிலிருந்து வந்ததாக நாம் அறிந்தவை 2017, 2019, 2025 ஆண்டுகளில் கண்ட மூன்றே மூன்றுதான். அறிவுள்ளவர்கள் அங்கே இருந்தால் அலை அனுப்புவது அவர்களுக்கு மலிவு, வருவது பெருஞ்செலவு. அதனால்தான் 2022 இறுதியிலிருந்து மீர்கேட்டின் 64 தட்டு ஆன்டெனாக்களைக் கொண்டும் அத்தகைய அலையைத் தேடுகிறார்கள்.

மகளிடம் மீர்கேட் பார்த்தது வேறொரு சூரியனிடம் உறைந்த தண்ணீரை என்று சொல்லுங்கள். எனக்கு விண்கலத்தை விட அதுவே பெரிய செய்தி. மே, ஜூன் முன்னிரவில் அவளைத் தெற்கே பார்க்கச் சொல்லுங்கள். தென் சிலுவைக்கு வழிகாட்டும் இரண்டு விண்மீன்களில் பிரகாசமானது ஆல்ஃபா சென்டாரி; பிராக்சிமா அதன் கூட்டாளி, வெறும் கண்ணுக்குத் தெரியாது. அவள் பார்க்கப்போகும் அந்த ஒளி, நான்கு ஆண்டுகளுக்கும் முன்பே அங்கிருந்து புறப்பட்டது.

அன்புடன்,
ஆசிரியர்