காரின் முன்பக்க பம்பர் ஓரம் ஃபெண்டரை (முன் வீலுக்கு மேலே இருக்கும் தகட்டை) விட்டு விலகி நிற்கிறது. தட்டினால் உட்கார்ந்து, மறுபடி வெளியே வந்துவிடுகிறது. பம்பரை மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். விலகி நிற்பது பம்பர்தான், ஆனால் உடைந்திருப்பது அதைப் பிடித்திருக்கும் சைடு பிராக்கெட்டாக இருக்கும். ஹெட்லைட்டுக்கும் வீலுக்கும் நடுவே, ஃபெண்டரின் உள்விளிம்பில் ஸ்க்ரூ போட்டு மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் துண்டு அது. பம்பர் விளிம்பு அதன் பற்களில்தான் மாட்டி நிற்கிறது. லேசாக இடித்தாலே முதலில் போவது அந்தப் பற்கள். கையால் தட்டினால் உட்காரும், ஒரு ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் திரும்ப வாயைப் பிளக்கும்.

ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்து, வீல் ஆர்ச் லைனரின் (வீலுக்கு மேலே உள்பக்கம் மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையின்) முன்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பு பிளாஸ்டிக் ஒடிந்த இடம் வெளுத்துத் தெரியும். பிராக்கெட்டில் இடது வலது வேறு வேறு, சேஸிஸ் நம்பர் சொல்லி வாங்குங்கள். கூடவே ஏழெட்டு கிளிப். பழையதில் ஒன்றிரண்டு உடையாமல் வராது.

கழற்றுமுன் ஃபெண்டர் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். இக்னிஷன் ஆஃபில் இருக்கட்டும். பானெட் பக்கத்துக் கிளிப்புகள், அடிப்பக்கத்தவை, லைனர் ஸ்க்ரூ எல்லாம் எடுத்த பிறகும் வரவில்லையா? பல கார்களில் பம்பர் மூலையை ஃபெண்டரோடு சேர்க்கும் ஸ்க்ரூ ஒன்று லைனருக்குள் ஒளிந்திருக்கும். அதை விட்டுவிட்டு இழுத்தால் ஸ்க்ரூ துளையோடு பம்பர் கிழியும். மூலையைப் பக்கவாட்டில் வெளியே இழுங்கள், முன்னால் இழுக்காதீர்கள். ஃபாக் லைட், சென்சார் கனெக்டர்களைக் கழற்றியபின்தான் முழுசாக எடுக்க வேண்டும். இன்னொரு ஆள் பிடிப்பது நல்லது.

மாட்டும்போது முதலில் பானெட் பக்கம் நடுவில் ஒரு கிளிப் மட்டும். பிறகு ஹெட்லைட்டிலிருந்து வீலை நோக்கி உள்ளங்கையால் தட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு பல்லும் 'டக்'கென்று விழ வேண்டும். அடிக்கிளிப் கடைசியில். லைனர் விளிம்பு பம்பருக்கு உள்ளே போயிருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் திருப்பத்தில் டயர் உரசும். புது பிராக்கெட் போட்டும் இடைவெளி இருந்தால் ஃபெண்டரோ உள்ளே இருக்கும் இரும்பு பீமோ வளைந்திருக்கிறது. அது டிங்கர் வேலை.

வெளியிலிருந்து ஸ்க்ரூ முறுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஃபெண்டர் தகட்டில் போட்ட துளையில் துரு பிடிக்கும், பம்பரில் அங்கிருந்தே கீறல் ஓடும். பசையும் வேலைக்காகாது. பம்பரின் உள்பக்கம் 'PP' (பிபி) என்று அச்சிட்டிருந்தால் அது பாலிப்ரொப்பிலீன், சாதாரணப் பசை அதில் ஒட்டாது. கீறலுக்கு பிபி ராடு வைத்து பிளாஸ்டிக் வெல்டிங்தான். மேலே பெயின்ட் அடிக்கும்முன் பிளாஸ்டிக் பிரைமர் கட்டாயம், இல்லையென்றால் வாட்டர் வாஷில் தோலாக உரியும். பெயின்ட் விட்ட ஓரத்தில் பிரஷர் கன்னைக் கிட்டே கொண்டுபோகவும் கூடாது.

இன்சூரன்ஸில் பிளாஸ்டிக் பாகத்துக்கு, ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) இல்லாவிட்டால், 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். க்ளெய்ம் போடாததற்கு பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸும் போகும். பிராக்கெட்டும் கிளிப்பும் போட்டால் முடிகிற வேலைக்கு க்ளெய்ம் போடாதீர்கள்.