நொண்டும் கோழிக்கு முதலில் உள்ளங்காலைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்: புறக்கடைக் கோழி வளர்ப்பு

கால் சம்பந்தமான கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பெருவிடைச் சேவல் பத்து நாளாக வலது காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறது. பாதத்தின் அடியில் கோலிக்குண்டு அளவு வீக்கம், நடுவில் கறுப்புப் பொட்டு. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போட்டோம், வற்றவில்லை. ஊசியால் குத்திப் பார்த்தால் சீழும் வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: சீழ் இருக்கிறது, வழியாது. நமது சீழை இளக வைக்கும் நொதி கோழியின் ரத்த அணுக்களில் கிடையாது. அதனால் அது உள்ளேயே இறுகி, காய்ந்துபோன பால்கோவா மாதிரிக் கட்டியாகிவிடுகிறது. எத்தனை முறை குத்தினாலும் ஒன்றும் வராது. குத்திய ஓட்டைகள் வழியாகப் புதுக் கிருமிதான் உள்ளே போகும். சுண்ணாம்பு தோலைப் பொசுக்கும். பற்று காய்ந்து, இருக்கிற பொருக்கின் (அந்தக் கறுப்புப் பொட்டுதான்) மேல் இன்னொரு மூடியாக உட்கார்ந்துவிடும். இரண்டையும் இன்றே நிறுத்துங்கள்.

முள்ளோ கண்ணாடிச் சில்லோ ஏற்படுத்திய சின்னக் கீறல் வழியாக ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற கிருமி நுழைந்து இப்படி ஆகும். உயரமான இடத்திலிருந்து கட்டாந்தரையில் குதிக்கும் கனத்த சேவலுக்கு அதிகம் வருவது இதனால்தான். இந்தக் கிருமி மனிதரின் புண்ணிலும் பிடிக்கும். கையுறை போட்டுக்கொண்டே தொடுங்கள்.

பொழுது சாய்ந்த பிறகு செய்தால் பறவை திமிறாது. ஒருவர் துண்டால் இறக்கையோடு சுற்றிப் பிடித்துக்கொள்ளட்டும், ஆனால் நெஞ்சை அழுத்தக் கூடாது. கோழிக்கு நம்மைப் போல உதரவிதானம் இல்லை, நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் இரண்டு மேசைக்கரண்டி எப்சம் உப்பைக் கரைத்து, பாதத்தை 15 முதல் 20 நிமிடம் ஊறவிடுங்கள். பழைய டூத் பிரஷ்ஷும் சோப்பும் போட்டு அழுக்கை எடுத்து, போவிடோன் அயோடினை வெளிறிய டீத்தண்ணி நிறம் வரும்வரை நீரில் கலந்து கழுவுங்கள்.

பொட்டு மட்டும் இருந்து வீக்கம் இல்லாவிட்டால் அதைக் கிளறவே வேண்டாம். தினமும் ஊறவைத்து மருந்து வைத்தால் போதும். உங்கள் சேவலுக்கு வீக்கம் இருப்பதால், ஊறிய பொருக்கின் ஓரத்தைச் சாமணத்தால் மெல்லத் தூக்குங்கள். பல சமயம் அதோடு ஒட்டிக்கொண்டே வெளிர்மஞ்சள் வேர் போல அந்தக் கட்டி வந்துவிடும். வராவிட்டால் இழுத்துப் பிய்க்காதீர்கள். மறுநாளும் ஊறவையுங்கள், மூன்றாம் நாளுக்குள் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும். பிளேடு வேண்டாம். உள்ளங்காலில் தோலுக்குச் சற்று உள்ளேயே தசைநாணும் ரத்தக் குழாயும் ஓடுகின்றன.

குழியைக் கழுவி, போவிடோன் நனைத்த சிறு காஸ் துண்டை வைத்து, விரல் இடுக்குகளின் வழியே எட்டு வடிவில் சுற்றிக் கணைக்காலில் கட்டை முடியுங்கள். மேலே ஒட்டும் கிரேப் பேண்டேஜ் போட்டால் கழன்று வராது. முதல் நான்கு நாள் தினமும், பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றுங்கள். குழி நிறைந்து தோல் மூட இரண்டு மூன்று வாரம் ஆகும். அதுவரை காய்ந்த உமியில், தனியாக. ஈ மொய்க்கும் நாட்களில் வலை போட்ட கூண்டே நல்லது. இல்லையென்றால் புண்ணில் புழு வைத்துவிடும்.

விரல்களோ மேல் மூட்டோ வீங்கிச் சுட்டால், அல்லது தீனி எடுக்காவிட்டால் கிருமி எலும்பு வரை போயிருக்கலாம். அப்போது கால்நடை மருந்தகம்தான்.

சேவல் அடையும் கம்பையும் பாருங்கள். இரும்புக் குழாயில் அடைந்தால் உடம்பின் கனம் முழுவதும் பாதத்தின் ஒரே புள்ளியில் இறங்கும். 5 செ.மீ. அகல ரீப்பர் கட்டையின் முனைகளை இழைத்து, தரையிலிருந்து ஒன்றரை அடிக்கு மேல் போகாமல் போடுங்கள்.

கேள்வி: இன்குபேட்டரில் பொரித்த இரண்டு நாள் குஞ்சுக்கு இரண்டு காலும் பக்கவாட்டில் விரிந்து, தரையில் நீந்துவது போலக் கிடக்கிறது. தரையில் செய்தித்தாள் விரித்திருக்கிறோம்.
– வாசகி, பல்லடம்

பதில்: அந்தச் செய்தித்தாள்தான் காரணமாக இருக்கும். வழுக்கும் தரையில் கால் ஊன்ற முடியாமல் இடுப்பு மூட்டு விரிந்துவிடுகிறது. நாள் கடத்த முடியாது. முதல் மூன்று நாளுக்குள் கட்டினால் பெரும்பாலும் சரியாகும், ஒரு வாரம் போனால் கடினம்.

புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒன்றை நீளவாக்கில் பாதியாக வெட்டுங்கள். பஞ்சு நடுவில் வரட்டும். ஒட்டும் இரண்டு முனைகளையும் ஒவ்வொரு கணைக்காலிலும் தளர்வாகச் சுற்றி, அதன் மேலேயே ஒட்டுங்கள். நிற்கும்போது கால்கள் உடம்புக்கு நேர்கீழே வர வேண்டும். நாட்டுக் குஞ்சுக்கு இரண்டு, இரண்டரை செ.மீ. இடைவெளி சரியாக இருக்கும். நெருக்கிக் கட்டினால் குப்புற விழுந்துகொண்டே இருக்கும். குஞ்சு வேகமாகப் பருப்பதால் இரண்டாம் நாள் அவிழ்த்துப் புதிதாகக் கட்டுங்கள். மொத்தம் நான்கைந்து நாள். தரைக்குச் சாக்கோ சொரசொரப்பான துணியோ போடுங்கள். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் நிரப்புங்கள், கால் கட்டிய குஞ்சு அரை அங்குலத் தண்ணீரிலும் மூழ்கிவிடும். அடுத்த முறை பொரிப்பான் தட்டிலேயே துணி விரித்துவிடுங்கள்.

கால் விரியாமல், ஒரு மூட்டின் பின்பக்கம் மட்டும் தட்டையாக வீங்கிக் கால் முறுக்கிக்கொண்டால் அது தசைநாண் நழுவிய கேஸ். மாங்கனீசு, கோலின் குறைவால் வருவது, பிளாஸ்திரிக்கு அடங்காது. தாய்க்கோழித் தீவனத்தில் தாது உப்புக் கலவை சேர்த்தால் அடுத்த ஈடாவது தப்பிக்கும்.

கேள்வி: ஒன்றரை மாதக் குஞ்சை ஆடு மிதித்து, கணைக்கால் ஒடிந்து தொங்குகிறது. மூங்கில் தப்பை வைத்துக் கட்டலாமா? வலிக்கு வீட்டில் இருக்கும் மாத்திரையைக் கொடுக்கலாமா?
– வாசகர், மணப்பாறை

பதில்: இறகில்லாத, செதில் மூடிய பகுதியில் ஒடிந்து, தோல் கிழியாமல் இருந்தால் கட்டலாம். எலும்பு வெளியே தெரிந்தால் கை வைக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். இறகு மூடிய சதைப்பகுதியில் ஒடிந்திருந்தால் வீட்டுத் தப்பை நிற்காது, நழுவிப்போய் முறிவை இன்னும் பெரிதாக்கும்.

கனமான மூங்கில் ஒன்றரை மாதக் குஞ்சுக்குப் பாரம். ஐஸ்கிரீம் குச்சியை நீளவாக்கில் பிளந்து முனைகளைத் தேய்த்துக்கொள்ளுங்கள். காலை மெதுவாக நேராக்கி, மற்றக் காலோடு ஒப்பிட்டு விரல்கள் முன்னே பார்ப்பதை உறுதி செய்யுங்கள். திருகிய நிலையில் கட்டினால் திருகியபடியே கூடிவிடும். மெல்லிய பஞ்சு ஒரு சுற்று, இருபுறமும் ஒவ்வொரு குச்சி, மேலே மைக்ரோபோர் டேப். மேல் மூட்டு நிற்கும்போது இருப்பது போலச் சற்று மடங்கிய நிலையில் அசையாமல் நிற்கும்படி சுற்று அதையும் தாண்டிப் போகட்டும். விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். மின்வேலைக்கான கறுப்பு டேப் கூடாது. உள்ளே ஈரம் தங்கித் தோல் அழுகும்.

முதல் நாள் மூன்று தடவை விரல்களைத் தொட்டுப் பாருங்கள். சில்லிட்டாலோ, வீங்கினாலோ, கறுத்தாலோ உடனே அவிழ்த்துத் தளர்த்திக் கட்டுங்கள். கட்டு இறுகினால் அதனாலேயே கால் போய்விடலாம். குஞ்சுக்கு இரண்டு வாரத்தில் கூடிவிடும், வளர்ந்த கோழிக்கு மூன்று நான்கு வாரம். பஞ்சாரத்திலோ அட்டைப்பெட்டியிலோ ஓட இடமில்லாமல் வையுங்கள். தீனியும் தண்ணீரும் அலகுக்கு எட்டும் தூரத்தில்.

மாத்திரை வேண்டாம். முக்கியமாக டைக்ளோஃபெனாக். பிணந்தின்னிக் கழுகுகள் பெருமளவில் அழியக் காரணமான மருந்து அது. கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்துவதை இந்தியா 2006-ல் தடை செய்தது. கோழிக்கும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலிக்கு மெலாக்சிகாம் உண்டு, ஆனால் எடை பார்த்து அளவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

கேள்வி: மூன்று மாதப் பெட்டை திடீரென ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் நீட்டிக்கொண்டு படுத்துவிட்டது. அடிபட்ட தடயம் எதுவும் இல்லை. எண்ணெய் தேய்த்து நீவிவிடலாமா?
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: நீவுவதால் பயன் இராது. வீக்கம், சூடு, எலும்பு நறநறப்பு எதுவும் இல்லாமல் இந்த வயதில் இப்படிப் படுத்தால் மாரெக் நோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். 1907-ல் ஹங்கேரி கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக் விவரித்த வைரஸ் நோய் இது. காலுக்குப் போகும் நரம்பு தடித்துச் செயலிழக்கிறது. மருந்து கிடையாது. உதிரும் இறகுத் தூசியில் பரவுவதால் உடனே தனிமைப்படுத்துங்கள். பொரித்த முதல் நாளே போடும் தடுப்பூசிதான் காப்பு. அடுத்த முறை குஞ்சு வாங்கும்போது அது போடப்பட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

கழுத்தும் திருகினால் வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கேட்) நோயின் மிச்சமாக இருக்கலாம். சிறு குஞ்சுக்கு இரண்டு பாதத்து விரல்களும் உள்நோக்கி மடங்கினால் வைட்டமின் பி2 குறைவு. நொய் மட்டுமே போட்டு வளர்க்கும் வீடுகளில் பார்க்கலாம். பி-காம்ப்ளெக்ஸ் சொட்டு மருந்தும் குஞ்சுத் தீவனமும் ஆரம்பத்திலேயே கொடுத்தால் நிமிரும், நாள்பட்டால் நிமிராது.

கேள்வி: தையல் மிஷின் இருக்கும் வீடு எங்களுடையது. கோழியின் ஒரு விரல் கறுத்துச் சுருங்குகிறது.
– வாசகி, திருப்பூர்

பதில்: செதிலுக்கு இடையில் நூலோ தலைமுடியோ இறுகியிருக்கும். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, வெளிச்சத்தில் பார்த்து, மழுங்கிய முனைக் கத்தரிக்கோலால் வெட்டுங்கள். ஒரு சுற்றோடு நிறுத்தாதீர்கள். அடியில் இன்னொன்று புதைந்திருக்கும். ஏற்கெனவே காய்ந்த விரல் தானே உதிரும், அதை ஒடிக்க வேண்டாம். சந்தையில் வாங்கிக் காலைக் கயிற்றால் கட்டித் தலைகீழாகக் கொண்டுவரும் கோழிக்கும் இதே கதி வருவதுண்டு. கூடையில் கொண்டுவாருங்கள்.

கேள்வி: மருந்து கொடுத்த கோழியின் முட்டையைச் சாப்பிடலாமா?
– வாசகர், ஆரணி

பதில்: எப்சம் உப்பு ஊறலும் போவிடோன் கட்டும் மட்டும் என்றால் தாராளமாக. ஆன்டிபயாட்டிக்கோ வலி மருந்தோ கொடுத்திருந்தால், எத்தனை நாள் முட்டையும் கறியும் விலக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக் கூண்டின் மேல் தேதியோடு எழுதி ஒட்டுங்கள். அதுவரை வரும் முட்டைகளை உடைத்து மண்ணில் புதையுங்கள், மற்றக் கோழிகளுக்குப் போடாதீர்கள்.